கீழே ஆளில்லை

நவம்பர் 3, திங்கள்

சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் இன்று காலை கண்ணை மூடிவிட்டது. இந்த ஸ்காபரோ வீட்டை வாங்கிய நாளிலிருந்து இருந்த வட்டப் பெட்டி. திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பேஸ்மென்டில் ஃபேர்னஸ் உறுமத் தொடங்கும். தரையில் உள்ள ஓட்டைகளால் சூட்டுக் காற்று வரும். அதற்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். இன்று திருகினேன், தட்டினேன், ஊதினேன், தமிழில் ஏசியும் பார்த்தேன். அசையவில்லை.

நான் அடுப்படியில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். பேஸ்மென்ட் படியின் மேல் தட்டில் ஒருவர் வந்து நின்றார். நான் அடுப்படியில் நின்றால் அவர் அதற்கு மேல் ஒரு அடி வைக்கமாட்டார்.

"பிள்ளை, அவனுக்குச் சொல்லு. கீழை ஃபேர்னஸ் சத்தம் கேக்கேல்லை. கால் விறைக்குது."

பிள்ளை என்றது என் மனைவி தவமலரை. அவன் என்றது என்னை. எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு கதவு அகலம் இருக்கும்.

"மலர், அவருக்குச் சொல்லும், எனக்குக் காது நல்லாக் கேக்குது எண்டு."

"ரெண்டு பேருக்கும் நான் ஒண்டு சொல்லுறன்," என்றாள் மலர். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் என் கூடப்பிறந்தவர், மூத்தவர். பெயர் சிவக்கொழுந்து. நாங்கள் கதைப்பதில்லை. ஏழு வருஷமாகிறது. 'அண்ணர்' என்று எழுதக்கூடக் கை வரவில்லை, அதனால் கீழ்வீட்டுக்காரர் என்று எழுதுகிறேன். பெண்சாதியும் போய், பிள்ளை குட்டியும் இல்லாமல், ஒரு பனிநாளில் பஸ் தரிப்பிடத்தில் விழுந்து கிடந்தவரை மலர்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்து பேஸ்மென்டில் இருத்தினாள். என்னிடம் கேட்கவில்லை. "நீங்கள் கதைக்காட்டிக் கதைக்காதேங்கோ. அந்த மனுசனைத் தனிய விட ஏலாது. இது என்ரை வீடும்தானே" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இப்போது புதிய தெர்மோஸ்டாட் வாங்க வேண்டும். அதுவரை மின்சார ஹீட்டர் ஒன்று. அதை மலர் கீழே கொடுத்துவிட்டாள். நான் ஜக்கெட்டோடு சாப்பிட்டேன்.

நவம்பர் 5, புதன்

மகள் ஆரபி வாட்டர்லூவில் படிக்கிறாள், பல்கலைக்கழகம் இரண்டாம் வருஷம். வீடியோவில் வந்தாள்.

"அப்பா, பழையபடி திருகுற சாமான் வாங்க வேண்டாம். இப்ப எல்லாம் ஸ்மார்ட்தான். நீங்கள் வேலையிலை இருந்தே வீட்டைச் சூடாக்கலாம்."

பாண் பேக்கரியில் நாள் முழுக்க வெதுப்பிக்கு முன்னால் நிற்கிறவனுக்கு அங்கிருந்து வேறு சூடாக்க வேண்டுமாம். சரி, சொல்லு என்றேன்.

மூன்று வகை சொன்னாள். முதலாவது, நேரம் குறித்து வைத்தால் அந்த நேரத்துக்கு ஏற்றி இறக்கும். இரண்டாவது, நாங்கள் எப்போது ஏற்றுகிறோம், எப்போது இறக்குகிறோம் என்று கொஞ்ச நாள் பார்த்துப் பழகி, பிறகு தன்பாட்டில் நடத்தும். புது மருமகள் மாதிரி என்றேன், ஆரபி சிரிக்கவில்லை. மூன்றாவது, வீட்டை இரண்டாகப் பிரித்துவிடும். மேலுக்கு வேறு சூடு, கீழுக்கு வேறு சூடு. இரண்டு பகுதியிலும் சுவரில் ஒரு கண் இருக்கும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் சூடு வைக்கும், ஆள் இல்லாவிட்டால் இறக்கிவிடும். எல்லாம் கைபேசியில் தெரியும்.

"எனக்கு முதலாவது காணும்," என்றேன்.

"மூண்டாவது," என்றாள் மலர் பின்னால் நின்று. "பெரியத்தான் கீழை கிடந்து நடுங்கிறார். சலரோகக் கால், சீனி கூடிச் சூடு குளிர் தெரியாமல் விறைச்சுப்போகுது. போன கிழமை குளியலறையிலை தலை சுத்தினதாம், சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவராம். உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு யார் சொல்வது?

நவம்பர் 8, சனி

ஃபேர்னஸ் வேலை செய்யும் ஜெயந்தன் வந்தான். அளவெட்டிப் பெடியன், வாய் ஓயாது. காற்றுக் குழாய் பார்க்க வேண்டும் என்று கீழே இறங்கினான். நான் படியின் மேல் தட்டில் நின்றுகொண்டேன். அரை மணித்தியாலம் ஆளைக் காணவில்லை. சிரிப்புச் சத்தம் வந்தது. கீழ்வீட்டுக்காரர் சிரிப்பது கேட்டுக் கனகாலம்.

மேலே வந்தவன் கையில் தேத்தண்ணிக் கோப்பை.

"ஐயா நல்ல மனுசன், அண்ணை. ஊரிலை சங்கக்கடை மனேச்சராம். ஒரே பகிடி. நீங்கள் ஏன் கீழை வரேல்லை?"

"முழங்கால் நோ," என்றேன்.

"அவரும் அப்பிடித்தான் சொன்னவர். தம்பிக்கு முழங்கால் ஏலாது எண்டு."

கோப்பையை வாங்கி வைத்தேன். எனக்கு முழங்காலில் ஒரு கோதாரியும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

மூன்றாவது வகையையே போடச் சொன்னேன். கீழே எவ்வளவு சூடு வீணாகிறது என்று இனியாவது கண்ணால் காணலாம் என்று மலருக்குக் காரணம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. "தான் ஆடாட்டிலும் தன் தசை ஆடுமாம்" என்று சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். இவளுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி.

நவம்பர் 15, சனி

பூட்டியாயிற்று. மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. இரண்டும் உள்ளங்கை அளவு. கீழ்ப் பெட்டியிலும் திருகி ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் என் கைபேசிதான் பெரியவர். நான் மாற்றினால் கீழேயும் மாறும்.

என் கைபேசியில் வீட்டின் படம் வருகிறது. மேல் என்று ஒரு கட்டம், கீழ் என்று ஒரு கட்டம். ஆள் இருந்தால் கட்டத்துக்குள் ஒரு குட்டி மனிதன் நிற்கிறான். ஆரபி எனக்காக எல்லாவற்றையும் தமிழில் மாற்றித் தந்தாள்.

கடைசியாக ஜெயந்தன் ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணை, அசைவு தெரியாட்டி எவ்வளவு நேரத்தாலை 'ஆளில்லை' எண்டு எடுக்க வேணும்?"

"நாலு மணித்தியாலம் காணும்."

"வயசு போன ஆக்கள் இருக்கிற இடத்திலை நாங்கள் அந்த 'ஆளில்லை' எண்டுறதை நிப்பாட்டி விடுறனாங்கள். கட்டிலும் கதிரையும் அடுப்பும் கண்ணுக்குத் தெரியும், புரண்டு படுத்தாலும் காணும். ஆனா குளியலறை தெரியாது."

"குளியலறையிலை ஆர் நாலு மணித்தியாலம் இருக்கிறது? அவர் கோயிலுக்கு, சினேகிதன் சோதியற்றை வீட்டுக்கு எண்டு போற நாளிலை வெறும் அறைக்கோ சூடு குடுக்கிறது? விடும்."

"ஆளில்லாட்டி எத்தினைக்கு இறக்க?"

"பன்னிரண்டு. தண்ணிக் குழாய் உறையாட்டிச் சரி."

அவன் அழுத்தினான். நல்ல வேலைக்காரன். மலர் அவனுக்குப் புட்டும் மீன் குழம்பும் கொடுத்து அனுப்பினாள்.

நவம்பர் 18, செவ்வாய்

பேக்கரியில் தேத்தண்ணி நேரம் கைபேசியைப் பார்த்தேன். கீழே 23 வைத்திருந்தார். 20 ஆக்கினேன். பாணை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் திரும்ப 23. திரும்ப 20. சாப்பாட்டு நேரத்தில் 24!

கிழவன் எனக்குச் சவால் விடுகிறார். ஒரேயடியாக 18 ஆக்கினேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது படிக்கு மேல் நின்று, "பிள்ளை, அவனுக்குச் சொல்லு, நான் பாண் இல்லை. ஆனா ஐசுப்பெட்டியிலை வைக்கிற மீனும் இல்லை" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிக் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். பிறகு 22 ஆக்கினேன். அவர் அதற்கு மேல் தொடவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

ஆரபி வந்து நின்றாள். நாங்கள் இருவரும் ஏற்றி இறக்கும் விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, நீங்களும் பெரியப்பாவும் இதிலை சாட் பண்ணுறீங்கள்," என்றாள். பிறகு, "ஏன் கதைக்கிறேல்லை எண்டு எனக்கு ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லேல்லை" என்றாள்.

சொல்லவில்லைத்தான். இங்கே எழுதுகிறேன்.

தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி, தாய்க்குக் கடைசிப் பிள்ளை. அதுதான் எங்கள் முறை. அம்மா ஊரில் சாகக் கிடந்தபோது அவர் முன்னமே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். எனக்குச் செய்தி வந்த நாள் இங்கே பனிப்புயல், விமானம் ஏறவில்லை. நான் வரும்வரை வைத்திருங்கள் என்று போனில் கத்தினேன். நான் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்து, காடாத்தும் முடிந்து, சாம்பலைக் கீரிமலையில் கரைத்துவிட்டு வந்து முற்றத்தில் பந்தல் கழற்றிக்கொண்டிருந்தார்கள். என் அம்மாவுக்கு என் கையால் கொள்ளி வைக்கவில்லை. அவர் வைத்துவிட்டார்.

முற்றத்தில் நின்று, ஊர்ச்சனத்துக்கு முன்னால், "உன்ரை செத்தவீட்டு வாசலும் மிதியன்" என்று சொன்னேன். அவர் மொட்டைத் தலையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர் ஐயரிடம் மன்றாடினாராம், அந்த வெயிலில் பிரேதத்தை அதற்கு மேல் வைத்திருக்க ஏலாது என்று ஊர்ப் பெரியாட்கள்தான் நெருக்கினார்களாம், கொள்ளி வைத்துவிட்டு விழுந்து அழுதாராம். இதெல்லாம் மலர் கேள்விப்பட்ட கதை. எனக்கு அவர் சொல்லவில்லையே.

டிசம்பர் 2, செவ்வாய்

கீழே விடியற்காலமே குட்டி மனிதன் வந்துவிட்டான். அண்ணர் எழும்பிவிட்டார். தேவாரம் பாடி முடிய அடுப்பு வைப்பார், சூடு அரை டிகிரி ஏறும். மத்தியானம் கட்டிலில் சாய்வார், மனிதன் மங்கிப் போவான், புரண்டு படுத்தால் திரும்ப வருவான். இதையெல்லாம் நான் ஏன் பார்க்கிறேன்? பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், வேறொன்றுமில்லை.

என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோக்காரன் எட்டிப் பார்த்து, வீட்டில் நாய் வளர்க்கிறாயா, அதைத்தான் பார்க்கிறாயா என்று கேட்டான். தமையன் என்றேன். நல்ல தம்பி என்று முதுகில் தட்டினான்.

டிசம்பர் 14, ஞாயிறு

24 வைத்தார். விட்டுவிட்டேன்.

டிசம்பர் 26, வெள்ளி

மலர் இன்று பிடித்துக்கொண்டாள்.

"பொங்கலுக்கு ஒரு முடிவு கட்டுங்கோ. நல்ல நாள். பெரியத்தானை மேலை கூப்பிட்டு ஒண்டா இருந்து சாப்பிடுங்கோ."

"அவர் மூத்தவர். அவர் தொடங்கட்டும்."

"அவர் சொல்லுறார், கோவிச்சவன் அவன், அவன்தான் வாயைத் திறக்க வேணும், நான் திறந்தால் அவன் இன்னும் குழம்புவான் எண்டு. ரெண்டு கிழடுகளுக்கு நடுவிலை நான் தபால்காரி. நாளைக்கு எனக்கொண்டு நடந்தால் ஆர் தபால் காவுறது?"

கீழே இருமல் கேட்டது. அவர் படியடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். பாவம், நிற்க ஏலாத கால்.

ஜனவரி 9, வெள்ளி

மலரின் தங்கைக்கு மொன்றியலில் ஒப்பரேஷன். மலர் இன்று ரயில் ஏறிவிட்டாள், வர ஒரு கிழமைக்கு மேலாகும். ஆரபி வாட்டர்லூவுக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் அவரும்தான்.

போகும்போது கதவடியில் நின்று சொன்னாள்: "கறி எல்லாம் டப்பாவிலை இருக்கு. காலமை வேலைக்குப் போக முதல் பெரியத்தானுக்குச் சாப்பாடு குடுங்கோ. கையிலை குடுங்கோ, விளங்குதோ?"

தட்டைப் படியின் மேல் தட்டில் வைத்துக் கதவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் படி ஏறும் சத்தம். ஒரு படி, நிற்பது, ஒரு படி, நிற்பது. நான் அறைக்குள் போய்விட்டேன்.

ஜனவரி 10, சனி

காலையில் படியில் தட்டுத் திரும்பி இருந்தது. கழுவித் துடைத்து, நடுவில் ஒரு தோடம்பழம்.

சாப்பாடு வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். பக்கத்து வீட்டுக்குக் கிண்ணம் போனால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவா. தோடம்பழத்தை உரித்துச் சாப்பிட்டேன். இனிப்பு. எனக்கு அழுகை வந்தது என்று எழுதத்தான் வேண்டும், வந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று தட்டில் கற்கண்டு. சலரோகக்காரர் கற்கண்டு எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்?

முடிவெடுத்துவிட்டேன். வியாழக்கிழமை பொங்கல். லீவு கேட்டிருக்கிறேன். பொங்கி, தட்டை என் கையில் எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்குவேன். கதவு திறந்தால் "அண்ணை" என்று கூப்பிடுவேன். பிறகு நடப்பது நடக்கட்டும்.

ஜனவரி 12, திங்கள்

வெளியே -24. கார் கதவு உறைந்துபோய்த் திறக்கக் கஷ்டப்பட்டேன்.

வேலையால் வந்து பார்த்தால் காலையில் வைத்த தட்டு வைத்தபடியே படியில் இருக்கிறது. கைபேசியைப் பார்த்தேன். கீழே மனிதன் இல்லை. 'கீழே: ஆளில்லை' என்று காட்டுகிறது. சூட்டை 12க்கு இறக்கிக்கொண்டிருக்கிறது.

விளங்கிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் மிசிசாகாவில் இருந்து சோதி அண்ணை கூப்பிடுகிறவர், ஊரில் ஒன்றாகச் சங்கக்கடையில் இருந்தவர். வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். இவர் ஒரு சொல், ஒரு துண்டுக் கடதாசி எழுதி வைத்திருக்கலாம். நான் இங்கே பொங்கலுக்கு என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டிருக்க, அவர் சினேகிதன் வீட்டுக்கு. தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

தட்டில் இருந்ததைக் குப்பையில் கொட்டினேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மலர் போன்.

"பெரியத்தானுக்கு எடுக்கிறன், எடுக்கிறாரில்லை. கீழை போய்ப் பாருங்கோ."

"ஆளில்லை எண்டு காட்டுது."

"எது காட்டுது?"

"கைபேசிதான். நீர்தானே அந்தக் கண் வேணும் எண்டு நிண்டனீர்."

"அது கிடக்கட்டும். நீங்கள் இறங்கிப் பாத்தனீங்களோ?"

"சோதி அண்ணை வந்து கூட்டிக்கொண்டு போனவர். நான் கண்டனான்."

காணவில்லை. ஆனால் வேறு எங்கே போயிருப்பார்? ஓம் என்று சொல்லாவிட்டால் இவள் விடமாட்டாள். "அப்ப சரி" என்றாள். மூச்சு விட்டது போனில் கேட்டது. அவளுக்கு நிம்மதி.

போனை வைத்த பிறகு எனக்குத்தான் என்னவோ செய்தது. பேஸ்மென்ட் கதவைத் திறந்தேன். கீழே இருட்டு. குளிர் மேலே ஏறி வந்து காலில் பட்டது. பாதிப் படி இறங்கினேன். கூப்பிட்டால் என்ன என்று நினைத்தேன். வாய் வரவில்லை. ஒருவேளை அவர் கட்டிலில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால்? பொங்கலுக்கு என்று வைத்திருந்ததை இப்படி வெறுங்கையோடு, பாதிப் படியில் நின்று தொடங்குவதா?

செருமினேன். ஊரில் ஆம்பிளைகள் வீட்டுப் படலையில் நின்று செருமுவது போல, கொஞ்சம் பலமாக. பதில் இல்லை. ஏதோ ஒரு சின்னச் சத்தம், குழாயாக இருக்கும். குளிருக்குக் குழாய்கள் முனகும்.

மேலே வந்து கதவைச் சாத்தினேன்.

ஜனவரி 14, புதன்

கீழே 12. ஃபேர்னஸ் சூடு முழுக்க மேலே வருகிறது, சேட்டைக் கழற்றிவிட்டு இருக்கலாம் போல. ஆரபியும் தன் கைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பெரியப்பா எங்கே என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தாள். சோதி மாமா வீட்டில் என்று பதில் போட்டேன்.

தமிழ்க் கடைக்குப் போய்ப் பச்சையரிசி, பயறு, சர்க்கரை, முந்திரிகை வாங்கினேன். ஒரு சின்னச் சட்டியில் சர்க்கரை போடாமல் தனியாகக் கொஞ்சம் பொங்கி வைக்கலாம். எப்படியும் நாளை பின்னேரம் திரும்பி வருவார், சூடாக்கிக் கொடுக்கலாம். கோபம் ஓரளவுக்குப் போய்விட்டது. சினேகிதன் வீட்டுக்குப் போவது ஒரு குற்றமா? நான் கதைக்காத வீட்டில் அவர் பொங்கலுக்கு யாரோடு கதைப்பது?

ஜனவரி 15, வியாழன்

பால் பொங்கி வழிந்த நேரம் சோதி அண்ணை போன் எடுத்தார். "தம்பி, பொங்கல் வாழ்த்து. உன்ரை கொண்ணரிட்டைக் குடு. மூண்டு நாலு நாளா அடிக்கிறன், அவன்ரை போன் வேலை செய்யுதில்லை" என்றார்.

ஜனவரி 17, சனி

இரண்டு நாளாக எழுதவில்லை. எழுதினால்தான் இருக்க ஏலும் போல இருக்கிறது.

அண்ணை குளியலறையில் கிடந்தார். கதவுக்கும் தொட்டிக்கும் இடையில், சரிந்தபடி. இடது பக்கம் முழுதும் வாதத்தில் விழுந்துவிட்டது போல என்று அம்புலன்ஸ்காரர் சொன்னார்கள், அதனால் எழும்ப ஏலவில்லையாம். வலது கை வேலை செய்திருக்கிறது. அந்தக் கையால் கொடியில் கிடந்த துவாயை இழுத்து இரண்டு காலையும் சுற்றியிருக்கிறார். சுற்றி, நுனியை உள்ளே செருகியிருக்கிறார். குழந்தைக்குப் போர்த்துவது போல அவ்வளவு ஒழுங்காக. விழுந்த உடனே போன ஆள் அப்படிச் செய்யமாட்டார். அதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் போன் கிடந்தது. கதிரையில் வெள்ளிக்கிழமை நான் அனுப்பிய தட்டுக்குப் போர்த்திய துணி, தோய்த்து மடித்து வைத்திருந்தார்.

மலர் வந்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "கண்டனான் எண்டு சொன்னனீங்கள்" என்று மட்டும் ஒரு முறை சொன்னாள். அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், கதைக்கிறாள் இல்லை.

இன்று பின்னேரம் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார், இளம் ஆள். வாசலில் சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டார். குற்றம் பார்க்க வரவில்லை, வீட்டில் தனியாக இறந்தவர் என்றால் சில கேள்வி கேட்பது வழக்கம் என்றார். எனக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனால் வாயில் வரவில்லை. ஆரபி பக்கத்தில் இருந்து இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள்.

எப்போது போயிருப்பார் என்று நான்தான் முதலில் கேட்டேன். சரியாகச் சொல்ல ஏலாது, பரிசோதனை முடிய வேண்டும் என்றார். திங்கட்கிழமை விழுந்திருக்கலாம்.

"செவ்வாய்க்கிழமை உயிரோடை இருந்தவரோ எண்டு கேள்," என்றேன்.

ஆரபி கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். இருந்திருக்கலாம், அதற்குப் பிறகும் இருந்திருக்கலாம், அறை அந்தக் குளிரில் இருந்திராவிட்டால் இன்னும் கொஞ்சம் தாங்கியிருப்பார் என்றார். நீங்கள் உங்களை நொந்துகொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். அதை ஆரபி மெதுவாகச் சொன்னாள்.

பிறகு அவர் கொப்பியைத் திறந்து ஒரு கேள்வி கேட்டார்.

"அப்பா, நீங்கள் பெரியப்பாவோடை கடைசியா எப்ப கதைச்சனீங்கள் எண்டு கேக்கிறார்."

அவளுக்கு விடை தெரியும். அவளே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு வருஷம்."

அவள் சொன்னாள். அவர் எழுதத் தொடங்கி நிறுத்தினார்.

"நாளோ, வருஷமோ எண்டு கேக்கிறார்."

"வருஷம்."

அவர் பேஸ்மென்ட் கதவைப் பார்த்தார். அந்தக் கதவு மேசையில் இருந்து எட்டித் தொடுகிற தூரம். ஒரே வீட்டிலா என்று கேட்டார். ஒரே வீடு என்றேன். கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒன்றும் விளங்காத பார்வைதான் இருந்தது. இவர்களுக்கு இது விளங்காது. எனக்கே இன்று விளங்கவில்லை.

"சரி, இந்த நாலு நாளிலை நீங்கள் அவரைப் பாக்கவோ கூப்பிடவோ ஏதாவது செய்தனீங்களோ எண்டு கேக்கிறார்."

"செவ்வாய்க்கிழமை பாதிப் படி இறங்கினனான்."

"பிறகு?"

"நிண்டு செருமினனான்."

அடுப்படியில் நின்ற மலர் திரும்பினாள். ஆரபிக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். விளங்கியிருந்தது.

"கூப்பிடேல்லையா, அப்பா?"

"செருமினனான், பிள்ளை. அவருக்கு என்ரை செருமல் தெரியும். அதைச் சொல்லு."

பொலிஸ்காரர் பேனாவோடு காத்திருந்தார். ஆரபி அதை மொழிபெயர்க்கவில்லை.